பதினொரு வாளி

கரும்பலகையின் மேல்பாதி
மூன்று மாதமாக வெறுமையாகவே கிடக்கிறது.
என் வலக்கை தோளுக்கு மேல் எழும்புவதில்லை.
பிள்ளைகள் குனிந்து வாசிக்கப் பழகிவிட்டார்கள்.
கடைசி வாங்கில் நெட்டைக் கபிலன் மட்டும்
"நிலத்தில எழுதினாலும் எனக்குத் தெரியும் மிஸ்" என்கிறான்.

ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: மெழுகு ஒத்தடம்.
வயலற் ரீச்சர் சொன்னா: மகா ஓயா.
"ஒள்ளம் சுடுதண்ணி பட்டாக் காணும், எல்லாம் இளகும் கா."
ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு. ஏறாவூர் றிஸ்மியின் வான்.

போயா லீவன்று விடிய ஐந்து மணி.
கல்லடிப் பாலத்துக்குக் கீழே வாவியில்
ரோச் லைற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு
ஒருவன் வலை இழுத்துக்கொண்டிருந்தான்.
இரண்டு கையும் அவனுக்குத் தேவைப்பட்டன.
எல்லாரும் மீன் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்கள்,
நான் அவனுடைய தோள்களைப் பார்த்தேன்.

செங்கலடியில் மேற்கே கிறுகினோம்.
கரடியனாற்றுக்கு அங்கால் நான் போனதில்லை.
நாற்பத்தெட்டு வயது; இரண்டு மணித்தியாலப் பாதை.
புல்லுமலை எனக்கு ஊராக இருந்ததேயில்லை,
ரேடியோவில் வந்தால் அப்பா சத்தத்தைக் கூட்டுகிற
ஒரு சொல், அவ்வளவுதான்.
இப்போது அங்கே ஒரு தயிர்க்கடை,
சட்டிகளின் மேல் ஈரச்சாக்கு.
காசு வாங்க ஆளில்லை. கடைக்காரி மாடு துரத்தப் போயிருந்தாள்.
காத்திருந்தோம்.
மலையை இவ்வளவு கிட்டப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை.
கடற்கரையில் வளர்ந்த கண், போய்க்கொண்டே இருக்கும்.
இங்கே போன கையோடு திரும்பி வந்தது.

மகா ஓயாவில் சதுரச் சதுரமாய்க் கிணறுகள்.
ஒன்றுக்கொன்று அடுத்துத்தான், ஆனால் சூடு வேறு வேறு,
ஒரே வீட்டுப் பிள்ளைகளின் கோபம் மாதிரி.
ஆகச் சுடுகிற கிணற்றில் ஒன்றும் போடக்கூடாதென்று
மூன்று மொழியில் பலகை.
சீனிவாசகம் சேருக்கு மூன்று மொழியும் தெரியும்.
அவர் நாலு முட்டை கொண்டுவந்திருந்தார்.

அளவான சூட்டில் வாளியை விட்டேன்.
இடக்கையால் இழுக்க முடிந்தது, தூக்கி ஊற்ற முடியவில்லை.
முழங்காலுக்கு ஊற்றிக்கொண்டு நின்றேன்.
முழங்காலில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பக்கத்தில் பூப்போட்ட சீத்தை குறுக்குக்கட்டி
குளித்துக்கொண்டிருந்தவள் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை. வாளியை வாங்கினாள்.
"ரஸ்னெத?" என்றாள். சுடுகிறதா?
என்னிடமிருந்த சிங்களத்தில்
பஸ்ஸை நிறுத்தச் சொற்கள் இருந்தன,
அடையாள அட்டை எடுத்துக் காட்டச் சொற்கள் இருந்தன.
சுடுகிறது, ஆனாலும் ஊற்று என்பதற்கு இருக்கவில்லை.
தமிழில் சொன்னேன்.
ஊற்றினாள்.

பதினொரு வாளி.
கணக்கு ரீச்சருக்கு எண்ணாமல் குளிக்க வராது.
ஆறாவதில் தோளுக்குள் "டிக்" என்று ஒரு சத்தம்.
நான் திடுக்கிட, அவள் சிரித்தாள்.
தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். நான் தோளைக் காட்டினேன்.
மறுகா அவள் குதிக்காலை. நான் விரல் மொளியை.
சந்தையில் சாமான் பரப்புவதுபோல
இருவரும் வருத்தங்களைப் பரப்பிவிட்டு
ஒன்றையும் விற்காமல் எழும்பினோம்.
பேர் கேட்க நினைவு வந்தபோது
றிஸ்மி ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

வராத குணநாயகிக்கென்று ஒரு போத்தலில் பிடித்து
மடியில் வைத்திருந்தேன்.
புல்லுமலையில் கை பொறுக்காத சூடு.
கரடியனாற்றில் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி.
செங்கலடியில் வெறும் தண்ணீர்.

பின்னேரம் பாசிக்குடா.
எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்புக்கு வராத கடல்.
கரையிலிருந்து வயலற் ரீச்சர் கூப்பிட்டா.
வாறன் என்று கையை உயர்த்தினேன்.
காது மட்டும் போனது. நின்றுவிட்டது.
அதை அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்,
இறக்கினால் திரும்ப வராதோ என்று.
அவ நான் தாழுகிறேன் என்று நினைத்துக் கத்தத் தொடங்கிவிட்டா,
முழங்கால் தண்ணீரில்.

மறுநாள் ஓய்வறையில்
குணநாயகி போத்தலைத் திறந்து மணந்தாள்.
"என்னகா இது, அவிச்ச முட்டை மணக்குது?"
சீனிவாசகம் சேர்
பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.